ஒரே இரவில் எரிந்த சுங்கான் கிராமம்

அயர்லாந்தில் வயலை உழும்போதும் பழைய வீடுகளின் அருகே மண்ணைக் கிளறும்போதும் வெள்ளை நிறத்தில் சிறு சிறு குழாய்த் துண்டுகள் கிடைப்பது வழக்கம். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி போல இருக்கும். ஆனால் நடுவில் கம்பி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை ஓடும். முன்காலத்துக் கிராமத்தார் இவற்றைத் தேவதைகள் புகைத்துப் போட்ட சுங்கான்கள் என்று நம்பினார்கள். உண்மையில் அவை ஏழை மனிதர்கள் புகைத்து, உடைந்ததும் தூக்கி எறிந்த களிமண் சுங்கான்களின் காம்புகள்.

சுங்கான் என்ற சொல் இன்றைய இளையோருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். பைப் என்றால் உடனே விளங்கும். பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகியின் பணக்கார அப்பா பட்டு அங்கி போட்டுக்கொண்டு, மாடிப்படியில் இறங்கி வரும்போது வாயில் கவ்வியிருப்பாரே, அதுதான். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுங்கான் என்றாலே பணமும் பங்களாவும்தான் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் நிலைமை நேர் எதிர். அங்கே 300 ஆண்டுகளாக அது கூலிக்காரர்களின் வாயில் இருந்த பொருள்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பயிர். அதை அயர்லாந்துக்குக் கொண்டு வந்தவர் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே என்று அந்நாட்டில் ஒரு கதை உண்டு. அவர் 1580களின் கடைசியில் கார்க் மாவட்டத்தின் யால் என்ற துறைமுக ஊரில் மேயராக இருந்தவர். அவர் வீட்டில் உட்கார்ந்து புகைத்துக் கொண்டிருந்தபோது, எசமானருக்குத் தீப்பற்றி விட்டது என்று பதறிய பணியாள் தண்ணீரைத் தலையில் கொட்டினாராம். கதை உண்மையோ இல்லையோ, அடுத்த நூற்றாண்டில் புகையிலை அந்தத் தீவு முழுவதும் பரவி விட்டது. தொடக்கத்தில் புகையிலை விலை அதிகம். அதனால் அன்றைய சுங்கான்களின் கிண்ணம் விரல் நுனி நுழையும் அளவுக்கே இருந்தது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. காம்பின் துளையோ காலப்போக்கில் சிறுத்துக்கொண்டே வந்தது. அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் 1954-ஆம் ஆண்டு இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்று முதல், அகழாய்வில் கிடைக்கும் ஒரு கைப்பிடி காம்புத் துண்டுகளின் துளையை அளந்தே அந்த இடத்தின் காலத்தை ஓரளவு கணிக்கிறார்கள்.

ஐரிஷ் மொழியில் இந்தக் களிமண் சுங்கானுக்குப் பெயர் 'டூடீன்'. குட்டையான சிறு துண்டு என்று பொருள். பெயருக்கேற்ப அது குட்டைதான். கடையில் வாங்கும்போது காம்பு நீளமாக இருந்தாலும் உழைப்பாளிகள் வேண்டுமென்றே அதை ஒடித்துக் குறைத்துக்கொள்வார்கள். காம்பு குறுகினால் கனம் முன்னால் இழுக்காது. பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் மண்வெட்டி பிடிக்கலாம். காம்பின் முனை வழுக்காமல் இருக்க நூல் சுற்றிக்கொள்வதும் உண்டு. பெண்களும் புகைத்தார்கள். கணப்பு அடுப்பின் ஓரத்தில் கருத்த சுங்கானோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்நாட்டுக் கிராமப்புறத்தில் அண்மைக் காலம் வரை யாரும் வியந்து பார்க்காத காட்சி.

துக்க வீட்டில் ஒரு தட்டு

அயர்லாந்துக்காரர்கள் சுங்கானைப் பற்றிப் பேசினால் கடைசியில் சாவு வீட்டுக்குத்தான் வந்து சேர்வார்கள். ஒருவர் இறந்தால் உடலை வீட்டிலேயே கிடத்தி, உறவும் ஊரும் இரவு முழுவதும் கூடவே கண்விழித்திருக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 'வேக்' என்று அதற்குப் பெயர். இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. இறந்தவரைத் தனியே விடக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

அந்த இரவுக்காக வீட்டார் புதிய களிமண் சுங்கான்களை மொத்தமாக வாங்கி வைப்பார்கள். நறுக்கிய புகையிலை ஒரு தட்டில் இருக்கும். மூக்குப்பொடி இன்னொரு தட்டில். உள்ளே வருகிறவர் முதலில் உடலருகே மண்டியிட்டுச் செபம் சொல்வார். பிறகு ஒரு சுங்கானை எடுத்துப் பற்றவைத்து, "ஆண்டவர் இவருடைய ஆன்மாவுக்கு இரக்கம் காட்டட்டும்" என்று சொல்லி ஓர் இழுப்பு இழுப்பார். புகைப்பழக்கம் இல்லாதவரும் பேருக்கு ஒரு முறை இழுக்க வேண்டும். மறுத்தால் இறந்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். இதனால் அந்தச் சுங்கானுக்கே 'லார்ட் ஹா மெர்சி' என்ற பெயர் வந்தது. கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினார்கள்.

சாப்பாட்டுக்கே வழியில்லாத குடும்பமும் கடன் வாங்கியாவது புகையிலைத் தட்டை நிரப்பியது. தட்டு காலியாக இருந்தது என்ற பேச்சு பல ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பத்தை விடாது. வேக் இரவில் நடக்கும் குடியையும் விளையாட்டையும் கத்தோலிக்கத் திருச்சபை பலமுறை கண்டித்தது. மக்கள் தலையாட்டிவிட்டு வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். மேற்குக் கரையோரம் கால்வே மாவட்டத்தில் சால்ரக் என்றொரு பழைய இடுகாடு உண்டு. அடக்கம் முடிந்ததும் புகைத்த சுங்கான்களைக் கல்லறை மேலேயே விட்டுவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி கில்கென்னி நகரில் கிடைத்தது. 1845 முதல் 1852 வரை அயர்லாந்தை உலுக்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் நாட்டை விட்டே கப்பலேறினார்கள். கில்கென்னியில் இருந்த ஆதரவற்றோர் விடுதியின் நிலத்தில், அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களைக் கும்பல் கும்பலாகப் புதைத்த குழிகள் 2005-ஆம் ஆண்டு வெளிப்பட்டன. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மனிதர்களின் எலும்புகள். அவற்றை ஆராய்ந்தவர்கள், பெரியவர்கள் பலருடைய பல்வரிசையில் பிறை வடிவத்தில் தேய்ந்த ஓட்டையைக் கண்டார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தில் களிமண் காம்பு வருடக்கணக்கில் அரைத்து அரைத்து உண்டாக்கிய ஓட்டை அது. வயிற்றுக்கு ஒன்றும் இல்லாமல் செத்தவர்கள். அவர்கள் யார் என்று சொல்லப் பெயரோ கல்வெட்டோ இல்லை. சுங்கான் பிடித்த தடம் மட்டும் பல்லில் இருக்கிறது. பசியை மறக்க ஏழைகள் புகையிலையைத் தேடுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

களிமண்ணும் அரசியலும்

சுங்கான் செய்வது பார்க்க எளிது, செய்யக் கடினம். வெண்ணிறக் களிமண்ணைப் பிசைந்து, உள்ளங்கையால் உருட்டி, ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் வாலுமாக இழுப்பார்கள். தலைப்பிரட்டை போன்ற உருவம். வால் பகுதிக்குள் எண்ணெய் தடவிய கம்பியை நுழைக்க வேண்டும். கம்பி சற்றே சாய்ந்தாலும் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பி எங்கே போகிறது என்பதைக் களிமண்ணைப் பிடித்திருக்கும் விரல்தான் சொல்லும். பிறகு கம்பியோடு சேர்த்து இரண்டு பாதி கொண்ட இரும்பு அச்சில் வைத்து அழுத்துவார்கள். ஒரு குமிழால் குத்தினால் கிண்ணம் குழியும். வெளியே எடுத்து, காயவைத்து, அச்சின் ஓரத் தடங்களைச் சீவி, சூளையில் அடுக்கிச் சுடுவார்கள். சீவும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. சுட்ட களிமண் ஈரத்தை உறிஞ்சுவதால் உதட்டுத் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க முனையில் மெழுகு தடவுவது உண்டு.

கீழே விழுந்தால் உடையும். குளிரில் சூடேறினாலும் விரிசல் விடும். ஆனால் அந்த உடைசல்தான் தொழிலுக்குச் சோறு போட்டது. நாள்தோறும் யாராவது ஒருவர் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அழுக்கேறிய சுங்கானை நெருப்புக்குள் போட்டு எடுத்தால் மீண்டும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும் என்பது அதன் இன்னொரு வசதி.

19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கிண்ணங்கள் அரசியலும் பேசின. அயர்லாந்து அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. தன்னாட்சி கேட்ட இயக்கத்தின் முழக்கமும், அதன் தலைவர் பார்னெலின் பெயரும், யாழும், மூவிலைச் செடியும் சுங்கானில் பதிக்கப்பட்டன. கொடி பிடித்தால் காவல்துறை வரும். வாயில் வைத்துப் புகைப்பதை யார் தடுப்பது? அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்கள் வாழ்ந்த குடியிருப்புகளைத் தோண்டும்போதும் இத்தகைய சுங்கான்கள் கிடைத்திருக்கின்றன. அதே காலத்தில் லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு வரைந்து, வாயிலோ தொப்பியின் பட்டையிலோ தவறாமல் ஒரு களிமண் சுங்கானைச் செருகினார்கள். ஒரே பொருள் ஒருவருக்குப் பெருமை, மற்றவருக்கு ஏளனம்.

நொக்ரோகரி

அயர்லாந்தின் நடுப்பகுதியில், ரீ ஏரிக்கு அருகே, ராஸ்காமன் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் நொக்ரோகரி. தூக்கிலிடுபவனின் குன்று என்று அதன் ஐரிஷ் பெயருக்கு அர்த்தம். பெயர் அச்சுறுத்தினாலும் ஊர் புகழ்பெற்றது சுங்கானுக்காக. ஏறத்தாழ 300 ஆண்டுகள் அந்த ஊர் களிமண் சுங்கான் செய்தே பிழைத்தது. சில குடும்பங்கள் பட்டறை நடத்த, மற்றவர்கள் களிமண் பிசைந்தார்கள், சுட்டார்கள், பெட்டியில் அடுக்கினார்கள், வண்டியில் ஏற்றி ஊர் ஊராக விற்றார்கள். வேக் நடக்கும் வீடுகளுக்குப் போன சுங்கான்களில் பெரும் பங்கு இங்கிருந்து போனவை.

1921-ஆம் ஆண்டு அயர்லாந்தில் விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க பிரிட்டன் அனுப்பிய துணைக் காவல் படைக்கு, அவர்கள் அணிந்த கலவை நிறச் சீருடையால் 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று பெயர். ஓரிடத்தில் ஓர் அதிகாரி கொல்லப்பட்டால் பக்கத்து ஊரைக் கொளுத்திப் பழிதீர்ப்பது அவர்களின் பாணியாகிவிட்டது. ஜூன் 20-ஆம் தேதி அத்லோன் நகருக்கு அருகே பிரிட்டிஷ் ராணுவத்தின் உயர் அதிகாரி லாம்பர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் நொக்ரோகரியைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு தவறான தகவல் பரவியது. அன்றிரவே லாரிகள் வந்தன. தூங்கிக்கொண்டிருந்தவர்களை உடுத்திய துணியோடு தெருவில் நிறுத்திவிட்டு, வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் தீ வைத்தார்கள். விடிந்தபோது ஒரு சில கட்டடங்களே மிஞ்சின. அச்சுகள், சூளைகள், அடுக்கி வைத்த சரக்கு என்று எல்லாம் போயிற்று.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூலை 11-ஆம் தேதி, போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது.

வீடுகளைப் பிறகு கட்டிக்கொண்டார்கள். சூளையை யாரும் மூட்டவில்லை. அந்த ஊரின் தொழிலைக் கொன்றது தீ ஒன்று மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போர் முடிவதற்குள் சிகரெட் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. அகழியில் இருந்த சிப்பாய்க்குச் சுங்கானை நிரப்பிப் பற்றவைக்க நேரமில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்துவது எளிது. வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள். நொக்ரோகரியின் பட்டறைகள் எப்படியும் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் மூடப்பட்டிருக்கலாம். ஆனால் மெல்ல மூடுவதற்கும், பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்ப அவகாசம் கிடைப்பதற்கும், ஒரே இரவில் நடுத்தெருவில் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வந்தேறிகள் கட்டிய பெயர்

இன்று ஐரிஷ் சுங்கான் என்றால் உலகம் சொல்லும் பெயர் பீட்டர்சன். இதில் வேடிக்கை என்னவென்றால், அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட அயர்லாந்தில் பிறந்தவர் அல்ல. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கிலிருந்து வந்த காப் சகோதரர்கள் ஃபிரெடரிக், ஹைன்ரிக் இருவரும் 1865-ஆம் ஆண்டு டப்ளின் நகரின் கிராஃப்டன் தெருவில் கடை திறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, லாட்வியாவிலிருந்து வந்த சார்ல்ஸ் பீட்டர்சன் என்ற கைவினைஞர் அந்தக் கடைக்குள் நுழைந்து, உங்களைவிட நல்ல சுங்கான் என்னால் செய்ய முடியும் என்று சொன்னதாக ஒரு கதை. சொன்னபடி செய்தார். பங்காளியும் ஆனார்.

அவர் கண்டுபிடித்தது ஓர் எளிய தீர்வு. புகையிலை எரியும்போது அதிலுள்ள ஈரம் ஆவியாகி, காம்பின் குளிர்ந்த உட்சுவரில் பட்டு நீராக மாறும். அந்தக் கசப்பு நீர் களகளவென்று சத்தமிட்டு, கடைசியில் புகைப்பவர் நாக்குக்கே வரும். பீட்டர்சன் கிண்ணத்தை ஒட்டிய பகுதியில் காம்புக்குக் கீழே ஒரு சிறு குழியைக் குடைந்தார். ஈரம் அதில் தங்கிவிடும், காய்ந்த புகை மட்டும் மேலே ஏறும். 1890-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். 1898-இல் இன்னொன்று. வாயில் வைக்கும் முனையின் துளையை நேராக விடாமல் மேல்நோக்கித் திருப்பினார். புகை நாக்கைச் சுடாமல் அண்ணத்தை நோக்கிப் போகும். இந்த இரண்டும் இன்றுவரை அப்படியே விற்பனையாகின்றன.

இந்தச் சுங்கான்கள் களிமண்ணால் ஆனவை அல்ல. மத்தியதரைக் கடலோரம் வளரும் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்முண்டில் செய்தவை. தண்டும் வேரும் சேரும் இடத்தில் பல ஆண்டுகளாகத் திரளும் அந்த முண்டு எளிதில் தீப்பற்றாது. வெட்டிய கட்டைகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாற்றை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். அயர்லாந்தில் இது விளைவதில்லை, கட்டை முழுக்க இறக்குமதிதான். கடையும்போது உள்ளே மணல் துளை தென்பட்டால் அந்தக் கட்டை வழவழப்பான முதல் தரத்துக்கு ஆகாது. மணல் பீய்ச்சியோ செதுக்கியோ மேற்பரப்பைக் கரடாக்கி விலை குறைத்து விற்பார்கள்.

பழைய பீட்டர்சன் சுங்கானின் வயதை அதில் பொறித்த நாட்டின் பெயரே காட்டிக்கொடுக்கும். 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்றிருந்தால் 1922-க்கும் 1937-க்கும் இடைப்பட்டது. 'ஏரே' என்றிருந்தால் அதற்கு அடுத்த பத்தாண்டு. 'ரிபப்ளிக்' என்றிருந்தால் 1940களின் இறுதிக்குப் பிறகு. வெள்ளிப் பூண் போட்டவற்றில் டப்ளின் மாற்றுப் பரிசோதனை நிலையத்தின் உண்மையான முத்திரை இருக்கும். விலை குறைந்த நிக்கல் பூணிலோ மூவிலைச் செடி, வேட்டைநாய், வட்டக் கோபுரம் என்று மூன்று படங்கள் இருக்கும். அது வெள்ளி முத்திரை என்று நினைத்து இணையத்தில் ஏமாந்து வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் பெயரிலும் இந்நிறுவனம் 1987 முதல் வளைந்த பிரையர் சுங்கான்களை விற்கிறது. கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஹோம்ஸ் பல இடங்களில் புகைப்பது கருத்துப்போன பழைய களிமண் சுங்கானைத்தான். 2018-ஆம் ஆண்டு பீட்டர்சன் அமெரிக்காவின் லாடிசி நிறுவனத்தின் கைக்கு மாறியது. பட்டறை மட்டும் டப்ளினின் புறநகர் சாலிநொகினில் தொடர்ந்து நடக்கிறது.

புகை குறைந்த நாடு

முன்பு ஐரிஷ் முதியவர் சட்டைப்பையில் புகையிலை கருப்பட்டித் துண்டு போல இறுகிய கட்டியாக இருக்கும். பேனாக்கத்தியால் சீவி, உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து, கிண்ணத்தின் அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்புவார். முதல் முறை பற்றவைத்ததும் புகையிலை பொங்கி எழும். அதை அமுக்கி, மறுபடி பற்றவைத்த பிறகே புகை சீராகும். அவசரமாக இழுத்தால் நாக்கு வெந்துபோகும். அப்படிக் கட்டிப் புகையிலை செய்த டண்டாக் நகரின் கேரல் நிறுவனம் 1824-இல் தொடங்கியது. வட அயர்லாந்தில் கேலஹர் நிறுவனம் 1857-இல். கேலஹர் வழிவந்த பாலிமினா ஆலை 2017-இல் மூடப்பட்டபோது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன.

சுங்கான் புகையைப் பலர் நுரையீரல் வரை இழுப்பதில்லை. அதனால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் பரவலாக இருக்கிறது. அது தவறு. அந்தப் புகையின் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கும். உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். நுரையீரலும் தப்பிப்பதில்லை. களிமண் சுங்கான் பிடிப்பவர்களுக்குக் கீழுதட்டில் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதி வைத்துவிட்டார்.

அயர்லாந்து இந்த விஷயத்தில் தயங்கவில்லை. 2004-ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் புகைக்கத் தடை விதித்தது. நாடு முழுமைக்கும் இப்படித் தடை கொண்டுவந்த முதல் நாடு அதுதான். மதுக்கூட முதலாளிகள் வியாபாரம் படுத்துவிடும் என்று கூச்சலிட்டார்கள். அங்கே வேலை செய்த ஊழியர்களின் நுரையீரலைக் காப்பதே நோக்கம் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மீஹால் மார்ட்டின் உறுதியாக நின்றார். 2009-இல் கடைகளில் புகையிலைப் பொருள்களைக் கண்ணில் படும்படி அடுக்குவதும் தடைசெய்யப்பட்டது. இன்று டப்ளின் தெருவில் சுங்கானோடு ஒருவரைப் பார்த்தால் அவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணி.

நொக்ரோகரியில் 1990களில் ஒரு கைவினைப் பெண்மணி பழைய பட்டறை இருந்த இடத்திலேயே மீண்டும் களிமண் சுங்கான் செய்யத் தொடங்கினார். அதே இரண்டு பாதி அச்சு, அதே கம்பி. வாங்கிப் போகிறவர்கள் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். சிலர் அதன் பழைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாத்தா பாட்டியின் கல்லறைக்கு எடுத்துப் போகிறார்கள்.